சாயங்காலத்து ஆறு நாழிகை

ஜீனாவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. ஆனால் மலையாள மாதக் கணக்கில் நட்சத்திரப் பிறந்தநாள் காட்டும் செயலி ஏதாவது உங்கள் கைப்பேசியில் இருந்தால், அதன் வயிற்றுக்குள் அவள் எழுதிய நாலாயிரம் வரிகள் இருக்கக்கூடும். செயலியைச் செய்தவர் வேறு யாரோ. முகப்பில் அவர் பெயர்தான் இருக்கும், விளம்பரமும் அவருடையதுதான். உள்ளே நாள் பார்க்கிற வேலை மட்டும் பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டின் மாடி அறையில் நடந்தது.

எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் செயலியில் சேர்த்துக்கொள்ளட்டும், திருத்தட்டும், அனுமதி கேட்க வேண்டாம் என்று இணையத்தில் திறந்து வைப்பார்கள். ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்று அதற்குப் பெயர். ஜீனா திறந்து வைத்த லைப்ரரிக்குப் பெயர் ‘நாழிகை’. ஓராண்டா ஈராண்டா, பதினோரு வருடங்களாக அதைக் கட்டிக் காத்து வருகிறாள். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் வரும்.

அவள் அப்பா செல்லையன் பாறசாலை டிப்போவில் பஸ் டிரைவராக இருந்தவர். பழைய மிஷன் சபைக் குடும்பம். வீட்டுச் சுவரில் சபைக் காலண்டர் தொங்கும், அதில் ஞாயிற்றுக்கிழமைக்கான வேத வசனம் இருக்கும், நட்சத்திரம் இருக்காது. ஜீனா தனுவச்சபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தாள், திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள், பாறசாலையிலிருந்து காலை ரயிலில் நின்றபடி போய் வந்தாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ரெஜியைக் கட்டினாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. சொல்லிக்கொள்ளும்படியான திருப்பம் எதுவும் இல்லாத வாழ்க்கை. அவளைப் பற்றி ஊரில் ஒரே ஒரு கேலிதான் உண்டு: கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். புட்டுக்கு எவ்வளவு உப்பு என்பதைக்கூட மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவாள். நிரல் எழுதுகிறவளுக்கு இது நல்ல குணம். இப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் இந்தக் கதை.

பக்கத்து வீடு சோமனுடையது. உதியன்குளங்கரையில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மனைவி பிரேமகுமாரி. ஒரே மகன் ஷைஜு ஷார்ஜாவில் ஒரு குடிநீர் கம்பெனியில் வேலை. அந்த வீட்டில் எல்லாம் நட்சத்திரக் கணக்கு. வருடம் பிறந்ததும் பிரேமகுமாரி காலண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு மகனுக்கு, மருமகளுக்கு, பேத்திக்கு என்று நாள் பார்த்து, போனில் வாசித்துச் சொல்வாள். ஷைஜு அதை எங்கேயாவது எழுதி வைத்துத் தொலைத்துவிடுவான். “உலகத்தில உள்ள எல்லாம் போனுக்குத் தெரியும், எனக்க நாள் மட்டும் தெரியாதா?” என்று ஒரு விடுமுறையில் அவன் ஜீனாவிடம் அலுத்துக்கொண்டான். அதுதான் தொடக்கம்.

ஜீனா நோட்டுப் புத்தகத்தோடு பிரேமகுமாரியிடம் போனாள். பின்பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பிரேமகுமாரி, கையை நிறுத்தாமலே சொன்னாள். பிறந்த மாதத்தில், சூரியன் உதித்து ஆறு நாழிகை வரையாவது பிறந்த நட்சத்திரம் நிற்க வேண்டும், அன்றைக்குத்தான் பிறந்தநாள். ஒரு நாழிகை இருபத்துநாலு நிமிடம், ஆக இரண்டு மணி இருபத்துநாலு நிமிடம். ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை எடுக்க வேண்டும். ஜீனா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். ஆறு நாழிகைக்கு ஒரு நிமிடம் குறைந்தால்? ஷார்ஜாவில் சூரியன் பிந்தி உதிக்குமே, எந்த ஊர் உதயம்? கடைசியில் பிரேமகுமாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அன்று சோமன் பின்வாசலில் எண்ணெய்க் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர்.

“இத எழுதி என்ன செய்யப் போற மக்கா?”

“எல்லாருக்கும் சும்மா குடுப்பேன் மாமா. ஆரு வேணும்னாலும் எடுக்கலாம்.”

“அதில தப்பு வந்தா ஆரப் பிடிச்சு ஏசுவாங்க?”

“என்னயாக்கும்.”

“அப்பம் கொள்ளாம். நல்ல வேல” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நாழிகை மெல்ல மெல்லப் பரவியது. ஷைஜுவின் போனில் இருந்த செயலியை ஆலப்புழைக்காரர் ஒருவர் செய்திருந்தார், அவர் நாழிகையைத்தான் சேர்த்திருந்தார். கோயில்களில் வழிபாட்டுச் சீட்டு எழுதும் மென்பொருள்கள் எடுத்தன. மெல்போர்னில் இருந்து ஒருவர் நிரலைத் திருத்தி அனுப்பினார், குவைத்தில் இருந்து ஒருவர் அனுப்பினார். மாதத்துக்கு நாற்பதாயிரம் தடவை தரவிறக்கம் ஆகிறது என்று ஒரு பக்கம் காட்டியது. அதில் எத்தனை பேர், எத்தனை வீடுகள் என்று யாருக்கும் தெரியாது. எடுக்கிறவர் எடுத்தேன் என்று சொல்வதில்லை. ஒரு நாள் பிசகினால் மட்டும் எங்கிருந்தோ வந்து, காசு கொடுத்து வாங்கியவரைப் போல உலுக்குவார்கள். ஜீனா எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவாள். எனக்கென்றால் கோபம் வந்திருக்கும், அவளுக்கு வராது.

நாலு வருடத்துக்கு முன், துலா என்கிற ஐப்பசி மாதத்தில் சோமன் இறந்தார். ஆஸ்பத்திரியில், பிற்பகல் மூன்று இருபதுக்கு. ஷைஜு வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பினான். போன மறுவாரம் ஜீனாவைக் கூப்பிட்டான். “அக்கா, அப்பனுக்க ஆண்டுப் பலிக்கும் நாள் காட்டுயது மாதிரி ஒண்ணு சேத்துத் தருவியா? எனக்கு லீவு முன்கூட்டியே சொல்லணும்.” இறந்தவருக்கு வருடா வருடம் கொடுக்கும் திதியைத்தான் அங்கே ஆண்டுப் பலி என்பார்கள்.

சேர்த்துத் தருவதில் கஷ்டமில்லை. ஆனால் இறந்த நாளுக்கு எப்படிக் கணக்கு என்று யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டில் பிரேமகுமாரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோமனின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், ‘மாமி, செத்த நாளுக்கு எத்தன நாழிக?’ என்று கேட்க ஜீனாவுக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டில் இறந்தவர்களுக்குத் தேதிதான். மார்ச் ஒன்பது என்றால் எல்லா வருடமும் மார்ச் ஒன்பது, சபையில் ஒரு ஜெபம், அவ்வளவுதான். இங்கேயும் பிறந்த நாளும் இறந்த நாளும் ஒரே கணக்காகத்தான் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இறந்த நாள் கேட்டால் பிறந்தநாள் கணக்கையே போட்டுக்கொடு என்று நாலு வரி எழுதினாள். பத்து நிமிட வேலை. மறுநாளே அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் ஒவ்வொரு துலா மாதமும் ஷைஜு தன் போன் காட்டிய நாளுக்கு லீவு போட்டு வந்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அருவிப்புறத்துக்குப் போய், நெய்யாற்றின் கரையில் பலி போட்டான். மூன்று வருடம் அப்படிப் போயிற்று.

இந்த வருடம், துலா மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மழை மூட்டம். ஜீனா கம்பெனி வேலையைத் தொடங்குமுன் நாழிகையின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பிழை சொல்லும் பகுதியில் புதிதாக ஒரு குறிப்பு. எழுதியவர் பரமசிவன், மலையாள நாட்டுச் சித்தூர்க்காரர். மற்றவர்களைப் போலக் குதிக்கவில்லை, மரியாதையாக எழுதியிருந்தார். ‘எங்கள் பக்கத்து வழக்கப்படி பிறந்தநாளுக்குத்தான் உதயத்திலிருந்து ஆறு நாழிகை பார்ப்போம். இறந்த நாளுக்கு அஸ்தமனத்தைப் பார்க்க வேண்டும். சூரியன் மறைய ஆறு நாழிகை இருக்கும்போது நட்சத்திரம் நிற்கிற நாள் எதுவோ, அன்று காலையில் பலி. குடும்பத்துக்குக் குடும்பம் சிறு வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கணக்கிடும் வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் நிரலில் இரண்டும் ஒன்றாக இருக்கிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும்.’

அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜீனாவுக்கு வாசிக்கும்போதே அந்த நாலு வரி நினைவுக்கு வந்துவிட்டது. எழுதிய தேதி நிரலோடே பதிவாகியிருந்தது. சோமன் இறந்து இருபத்தாறாம் நாள்.

கணக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றி, சோமன் இறந்த அன்றைய உத்திராட நட்சத்திரத்தைப் போட்டுப் பார்த்தாள். முதல் வருடம் நட்சத்திரம் விடியுமுன்பே தொடங்கியிருந்ததால் இரண்டு கணக்கும் ஒரே நாளைக் காட்டின. இரண்டாம் வருடம் அவள் கணக்கு ஒரு நாள் பிந்தி. மூன்றாம் வருடமும் ஒரு நாள் பிந்தி. இந்த வருடம் உத்திராடம் வியாழன் காலை பதினொரு மணிக்குத் தொடங்கி வெள்ளி காலை பத்தரை வரை நிற்கிறது. அவள் எழுதிய கணக்குப்படி வெள்ளி. உண்மையில் வியாழன். ஷைஜுவின் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்குவது வெள்ளிக்கிழமை விடியற்காலை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், உடம்பு சரியில்லை என்று எழுதிப் போட்டாள். நம்பி வந்தவனை நடுவழியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஷைஜு அவள் வார்த்தையை நம்பி மூன்று வருடம் கடல் கடந்து வந்திருக்கிறான், அதில் இரண்டு தடவை தகப்பனுடைய நாள் முடிந்த பிறகு.

ரெஜி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னாள். அவன் கை கழுவிக்கொண்டே யோசித்தான்.

“வெள்ளிக்கிழம கழியட்டும். அவன் வரட்டும், பலி போடட்டும், போவட்டும். பெறவு திருத்து. இப்பம் சொல்லி ஆருக்கு என்ன கொணம்?”

“ஷைஜு மட்டும்னா நீங்க சொல்லியது சரி. நாளைக்கும் மற்றநாளும் எத்தனையோ வீட்டில ஆண்டு வரும். அவங்களுக்கு ஆரு சொல்லியது?”

“அவங்கள நீ கண்டியா?”

“காணல்ல. அதுதான் பயமா இருக்கு.”

ரெஜி கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவன் நல்ல மனிதன்தான். கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு வலிக்கக்கூடாது என்று நினைப்பவன்.

பிற்பகலில் ஜீனா வேலியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பிரேமகுமாரி மழைக்கு முன் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இருவருமாக எடுத்து மடித்தார்கள். கடைசித் துணி மடியும்வரை ஜீனாவால் தொடங்க முடியவில்லை. பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். கணக்குத் தப்பு, தப்பு என்னுடையது, இரண்டு வருடம் மறுநாளில் நடந்தது, இந்த வருடம் வியாழன்.

பிரேமகுமாரி மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. அது ஜீனாவைப் பயமுறுத்தியது.

“எனக்கு அறியாம் மக்களே, முந்தியே தெரியும்” என்றாள் பிரேமகுமாரி.

“என்ன அறியாம்?”

“வியாழக்கிழமதான்னு. போன தடவ வந்ததும், அதுக்கு முந்துன தடவ வந்ததும் பிற்றே நாளாக்கும்னு. நான் இந்த வீட்டில வாக்கப்பட்டு வந்த காலம் மொதல் மாமனாருக்கு நாள் பாத்தவ இல்லியா.”

உள்ளே போய்க் காலண்டரை எடுத்து வந்தாள். வியாழனைச் சுற்றி பென்சிலால் ஒரு சிறு வட்டம். பழைய காலண்டர்கள் இரண்டையும் அடியில் வைத்திருந்தாள். அவற்றிலும் வட்டம், ஷைஜு வந்து பலி போட்டதற்கு முந்தின நாளில். அந்த நாட்களில் அவள் தனியாகக் குளித்து, ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு, ஒரு இலையில் சோமனுக்குச் சோறு வைத்திருக்கிறாள். மறுநாள் மகன் வந்து இறங்கியதும் அவனோடு ஆற்றுக்கும் போயிருக்கிறாள்.

“அவன் எம்பிடு ஓட்டம் ஓடி வாறான். வந்து நிக்கிய பிள்ளையிட்ட, மக்களே நீ வந்த நாள் தப்புன்னு எப்படிப் பறைய? அவருக்க மோன் வந்து போடுயது அவருக்குக் கிட்டாதா? பெறவு, அந்தக் கணக்கு போட்டது நீயாக்கும். ராப்பகலா இருந்து எங்களுக்காவ எழுதினது. அதில தப்பு உண்டுன்னு ஒனக்க மொகத்தப் பாத்து நான் பறையணுமா?”

ஜீனாவுக்கு முதலில் அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, அவளே எதிர்பார்க்காத கோபம்.

“பறைஞ்சிருக்கணும் மாமி! ஒரு வார்த்த பறைஞ்சிருந்தா அண்ணைக்கே திருத்தியிருப்பேன். இது ஒங்க வீட்டுக்கு மட்டும் உள்ளதில்ல. எவ்வளவோ வீட்டில இதப் பாத்துத்தான் நாள் வைக்கியாங்க. எனக்குத் தெரியாது, ஒங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் மிண்டாம இருந்திருக்கோம்.”

“நான் நம்ம வீட்டுக் காரியம்னு நெனச்சேன்” என்றாள் பிரேமகுமாரி மெதுவாக. “வேற வீடு உண்டுன்னு நான் நெனைக்கல்ல.”

மழை விழத் தொடங்கியது. இருவரும் துணிகளோடு உள்ளே போனார்கள். ஜீனாவுக்குத் தன் கோபம் வெட்கமாக இருந்தது. பிரேமகுமாரி சொல்லாமல் விட்டதும் அவள் கேட்காமல் விட்டதும் ஒரே காரணத்தால்தான். எதிரில் இருப்பவர் மனசு நோகக்கூடாது என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், அந்த நேரத்தில் எங்கெங்கோ வீடுகளில் நாள் தப்பிக்கொண்டே இருந்தது.

“நான் இண்ணைக்கே திருத்திப் போடுவேன் மாமி. போட்டா ஷைஜுக்க போன்லயும் நாள் மாறும். அவன் அங்கன பாத்து அறியண்டாம், முந்தி நானே விளிச்சுச் சொல்லுவேன்.”

மகன் தாங்குவானா என்றுதான் பிரேமகுமாரி யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. “மூணு இருவது” என்றாள் கடைசியில். “அவரு போன நேரம். கணக்குக்கு வேணும்னா வச்சுக்கோ. சரியா போடு.”

அன்றைக்கு ஜீனா நோட்டுப் புத்தகத்தை மறக்கவில்லை. நாலு வருடம் முன்பு கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டாள். அஸ்தமனத்துக்கு ஆறு நாழிகை என்பது எந்த ஊர் அஸ்தமனம்? மாதத்தில் இரண்டு தடவை நட்சத்திரம் வந்தால் எது? வேறு வழக்கம் உள்ள வீடுகளுக்கு என்ன செய்வது? பிரேமகுமாரி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஷார்ஜாவில் பகல் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து ஜீனா ஷைஜுவைக் கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மறுமுனையில் தண்ணீர்க் கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பம் ரெண்டு வருசம் நான் போட்டது?”

“பிற்றே நாள். தப்பு எனக்கதாக்கும்லே. நான் அம்மையிட்ட கேக்காம எழுதினேன்.”

“வியாழக்கிழம எனக்கு வர முடியாது. லீவு வியாழக்கிழம சாயங்காலம் மொதலாக்கும். கேட்டாலும் தரமாட்டாங்க.”

“அறியாம்.”

“அம்மைக்குத் தெரியுமா?”

அது பிரேமகுமாரி தன் வாயால் சொல்ல வேண்டியது. “நீ வந்து அம்மையிட்டயே கேளு” என்றாள். அவன் சரி என்றும் சொல்லாமல் போனை வைத்தான்.

ஒரு மணி நேரத்தில் திருத்தம் முடிந்தது. குறிப்பு எழுதத்தான் நேரமெடுத்தது. இந்த மாதிரி லைப்ரரிகளில் புதிய பதிப்பு வெளியிடும்போது என்ன மாறியது என்று ஒரு குறிப்புப் போடுவார்கள். ‘சிறு திருத்தங்கள்’ என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்ளலாம், பெரிய பெரிய கம்பெனிகளே அப்படித்தான் தப்பிக்கின்றன. ஜீனா ஒளிக்கவில்லை. எந்தப் பதிப்பிலிருந்து தவறு இருக்கிறது, யாருக்கெல்லாம் நாள் மாறியிருக்கும், பழைய வருடங்களைச் சரிபார்ப்பது எப்படி என்று எழுதினாள். ‘கேட்காமல் எழுதியது என் தவறு’ என்ற வாக்கியத்தை மூன்று தடவை அழித்து, நாலாவது தடவை விட்டுவிட்டாள். பரமசிவனுக்கு நன்றி சொல்லி, விதிகளைச் சொல்லித் தந்தவர் பிரேமகுமாரி என்று பெயரும் போட்டாள். வெளியிட்டாள்.

புதன்கிழமை முழுக்கப் பதில்கள் வந்தன. ஏசினார்கள். ஒருத்தர் நீ எந்த மதம் என்று கேட்டு, அதை வைத்து ஏசினார். சிலர் ஒன்றும் சொல்லாமல் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். திருச்சூரில் இருந்து ஒரு பெண் எழுதியதைத்தான் ஜீனாவால் தாண்டிப்போக முடியவில்லை: ‘அப்பாவுக்கு என் அம்மா மூன்று வருடம் இந்த நாளைப் பார்த்துத்தான் பலி போட்டாள். திருத்திப் போட இப்போது அம்மாவும் இல்லை. இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.’ மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதினாள். அந்தச் சொல் எவ்வளவு சிறியது என்று அவளுக்குத் தெரிந்தது.

வியாழன் காலை ரெஜி லீவு போட்டுக் காரோட்டினான். அருவிப்புறத்தில் ஆறு கலங்கி, நிறைந்து ஓடியது. பிரேமகுமாரி ஈர முண்டோடு கரையில் உட்கார்ந்து, பலி நடத்தும் கார்மி சொல்லச் சொல்ல, தானே பலி போட்டாள். ஜீனா கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்து நின்றாள். என்ன செய்ய வேண்டும், கை கூப்ப வேண்டுமா, சும்மா நிற்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை, இந்த ஒரு இடத்தில் கேட்காமல் நின்றால் தப்பில்லை என்று பட்டது. அவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, “சோமன், உத்திராடம்” என்று பிரேமகுமாரி உரக்கச் சொன்னாள். ஆற்றில் முங்கி எழுந்து வந்து, ஜீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். வீடு வரும்வரை பிடித்த கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஷைஜு வந்தான். விடியற்காலையில் வந்து இறங்கியவன் இவ்வளவு நேரம் கழித்துத்தான் பக்கத்து வீட்டுக்கு வந்தான். அம்மாவோடு பேசி முடித்திருப்பான் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாடி ஏறி வந்து, வாசலில் நின்று, உள்ளே வந்து உட்கார்ந்தான். ஜீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“நேற்று ஷிப்ட் முடியிய வரைக்கும் ஒண்ணும் தின்னல்ல. கேன் எடுத்து அடுக்கும்போ எல்லாம் இப்பம் அம்ம ஆத்தில எறங்கியிருப்பா, இப்பம் ஏறியிருப்பான்னு நெனச்சேன்.” நிறுத்தினான். “நீ சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் நான் ஆத்தில நின்னிருப்பேன். ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டேன். ரெண்டில எது நல்லதுன்னு எனக்குத் தெரியல்ல அக்கா.”

“எனக்கும் தெரியல்லலே” என்றாள் ஜீனா. உண்மையும் அதுதான்.

“அடுத்த வருசம் என்னைக்கு?”

அவள் திரையைத் திருப்பினாள். நாளைக் காட்டுமுன் வேறொரு கோப்பு அங்கே திறந்து கிடந்தது. அதன் முதல் வரியைப் பார்த்து ஷைஜு முன்னால் சாய்ந்தான்.

“இதில எதுக்கு அப்பனுக்க பேரு?”

“இது சோதிச்சுப் பாக்கியதுக்கு உள்ளதாக்கும். எனக்க நிரல ஆரு வேணும்னாலும் திருத்தலாம். ஆனா ஆரு எங்கயிருந்து ஒரு எழுத்த மாத்தினாலும், அத ஏத்துக்கியதுக்கு முந்தி மெஷின் ஒரு கேள்வி கேக்கும். உத்திராடத்தில, துலா மாசம், சாயங்காலம் மூணு இருவதுக்குப் போன ஆளுக்கு இந்த வருசம் ஆண்டு எப்பம்னு. நாலு வருசத்துக்கும் சரியா சொன்னாத்தான் உள்ள விடும். ஒரு நாள் பிசகினா அண்ணைக்கே நின்னு போவும். மாமியிட்ட கேட்டுட்டுத்தான் பேரு வச்சேன்.”

ஷைஜு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். சோமன். உத்திராடம். மூன்று இருபது.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ கேக்கும்?”

“இந்த ரெண்டு நாள்ல நெறைய பேரு திருத்தம் அனுப்பியாங்க. நேற்று முப்பது, முப்பத்தஞ்சு தடவ கேட்டிருக்கும். மெல்போர்ன்காரரு மட்டும் காலையிலேயே நாலு தடவ.”

“அவருக்கு அப்பன ஆருன்னு தெரியுமா?”

“தெரியாது. ஆனா அப்பனுக்க நாள் சரியா வராம அவரால ஒரு வரி உள்ள சேக்க முடியாது.”

கீழே ரெஜி யாரோடோ போனில் பேசும் சத்தம் கேட்டது. ஷைஜு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“நான் ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டா?”

ஜீனா எழுந்து இடம் விட்டாள். எந்தப் பொத்தான் என்று காட்டினாள். அவன் இரண்டு கையையும் முண்டில் துடைத்துக்கொண்டு அழுத்தினான். திரையில் வரிகள் ஓடின. முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம், பிறகு இந்த வருடம், வியாழன். எல்லாம் சரி என்று பச்சை எழுத்தில் வந்து நின்றது.

ஷைஜு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு மறுபடியும் அழுத்தினான்.